கவுண்டரில் யாருக்கு என்ன மரியாதை? 555 நோட்டில் எழுதிக் கண்டுபிடிக்கும் வழி

பச்சையான இனவெறியைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. மலேசியாவில் முகத்துக்கு நேரே ஒருவன் "கெலிங்" என்று, இந்தியரை இழிக்கும் அந்தச் சொல்லைச் சொன்னால் புரியாதவர் யார்? சிக்கல் மற்றதில்தான். கிளினிக் கவுண்டரில் உங்களுக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் "சிலா டுடோக், புவான்" (உட்காருங்கள், அம்மா) என்று சிரித்த அதே பெண், உங்கள் முறை வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஐசி" என்று, அடையாள அட்டைக்காகக் கையை மட்டும் நீட்டுகிறாள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் சொன்னால் "அவளுக்கு என்ன அவசரமோ, நீ எதையும் பெரிசு பண்ணாம இருக்க மாட்டியா" என்பார்கள். ராத்திரி படுத்தபிறகு உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும், நாம்தான் அதிகமாக நினைக்கிறோமோ என்று.

அந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நான் கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பட்டணத்துக்காரி. இரண்டு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, ஊர் அவ்வளவுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பதினோரு வருசம் ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்து, இப்போது வீட்டுக்காரரோடு காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், இந்தப் பக்கமும் நிற்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

555 நோட்டு தெரியும் அல்லவா, சட்டைப்பையில் அடங்குகிற குட்டி நோட்டு. அப்பா காலத்தில் தோட்டத்துக்கு வெளியே இருந்த சீனர் கடையில் கடன் எழுதுவது அதில்தான். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒன்றில் எழுதுவார், அம்மா இன்னொன்றில் எழுதச் சொல்லி என்னிடம் கொடுப்பார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், தேதி, காசு. சம்பளத்தன்று இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சில மாதம் ஒத்துப்போகும். சில மாதம் இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) இடிக்கும். இடித்தால் அம்மா சத்தம் போட மாட்டார், அந்த வரியில் விரலை வைத்து "இது எப்போ, தவுக்கே?" என்று மட்டும் கேட்பார். சம்பளம் வரும்வரை அரிசி கொடுத்தவரும் அந்தத் தவுக்கேதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லப்போகும் முறை இதே முறைதான். உங்களுக்கு நடந்ததை மட்டும் பார்த்தால் ஒரு நோட்டுதான் கையில் இருக்கிறது. பக்கத்தில் நின்றவருக்கு என்ன நடந்தது என்பது இரண்டாவது நோட்டு. இரண்டும் இல்லாமல் கணக்குப் பார்க்க முடியாது.

நின்று எதைப் பார்ப்பது

கவுண்டரில் உங்கள் வேலை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் ஓரமாக நின்று, கைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டாவது, அடுத்த ஐந்தாறு பேரைக் கவனியுங்கள்.

கூப்பிடும் சொல் முதல் தடயம். நம் ஊரில் கவுண்டர்காரர்கள் முறை வைத்துக் கூப்பிடுவது சகஜம்: அபாங், காக்கா (மலாயில் அண்ணன், அக்கா), மக்சிக் (பெரியம்மா), அம்மோய் (சீனப் பெண்ணுக்கு), தங்கச்சி. மலாய்ப் பையன் ஒருவன் "தங்கச்சி" என்றால் எனக்குச் சந்தோசம்தான், நம் சொல்லை அவன் வாயில் கேட்க இனிப்பாகவே இருக்கும். ஆனால் முன்னால் நின்றவர் "என்சிக்" (ஐயா), பின்னால் நின்றவர் "போஸ்" (முதலாளி), நடுவில் நின்ற என் வீட்டுக்காரர் மட்டும் "மச்சா" என்றால் அங்கே நோட்டை எடுக்கலாம். எல்லோருக்கும் முறை வைக்கிறாரா, நமக்கு மட்டும் வைக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஐம்பத்தெட்டு வயது மனிதரை இருபது வயதுப் பையன் மச்சா என்கிறான், அவரும் பல்லைக் காட்டிவிட்டு வருகிறார். வீட்டில் நான் கேட்டால் "விடு, பாசமா கூப்பிடுறான்" என்கிறார். பாசம் ஏன் ஒரு நிறத்துக்கு மட்டும் வருகிறது என்று நான் திருப்பிக் கேட்பதில்லை, சண்டையாகிவிடும்.

வரிசை இரண்டாவது. ஒழுங்கான வரிசை இருக்கும் இடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது, எண் சீட்டு இருக்கும் இடத்தில் இன்னும் குறைவு. கூட்டமாக நின்று கை நீட்டும் இடத்தில்தான் கவனிக்க வேண்டும்: ரொட்டிக் கடை, மருந்துக் கடை, மொபைல் கடை. யாருடைய கண்ணை முதலில் பார்க்கிறார்கள்?

பின்னால் வரும் காலடி எல்லோருக்கும் தெரிந்தது. நம் வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து கடைக்குள் போனால் ஜாகா (காவலாளி) எழுந்து வருவார். அதை எழுதும்போது ஒன்று சேர்த்து எழுதுங்கள்: நாலு மலாய்ப் பையன்கள், நாலு சீனப் பையன்கள் வந்தபோது எழுந்தாரா, இல்லையா. எழுந்திருந்தால் அவருக்குப் பையன்கள் மேல் சந்தேகம். நம் பையன்களுக்கு மட்டும் எழுந்தால் கதை வேறு.

பெயரும் ஒன்று. கிளினிக்கில் சீட்டைப் பார்த்து, நம் பெயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் பாதியிலேயே நிறுத்தி, "யாங் இந்தியா து" என்று கை காட்டிவிடுவார்கள், அந்த இந்தியப் பெண்ணாம். என் பெயரின் முதல் மூன்று எழுத்தைச் சொல்லியிருந்தாலே எழுந்து போயிருப்பேன். இதில் இன்னொரு கூத்து, ஐசியில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'இன்னார் மகள்', 'இன்னார் மகன்' என்று இருக்கிற ஏ/பி, ஏ/எல் சாய்கோடு. சில இணையப் படிவங்களில் அந்தக் கோட்டைத் தட்டினால் ஏற்காது, சிவப்பில் பிழை என்று காட்டும். தட்டாமல் விட்டால் பெயர் ஐசியோடு ஒத்துப்போகவில்லை என்பார்கள். இங்கே கோபப்பட ஆள் இல்லை, படிவம் செய்தவர் நம்மை நினைத்துப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். இதையும் எழுதி வையுங்கள். சொன்னால் சரிசெய்யக் கூடியது இதுதான் என்பது என் அனுபவம்.

இப்போது பெரியதற்கு வருகிறேன். கொடுக்காமல் விட்ட தகவல். இதைப் பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் அவமானம் எதுவுமே நடந்திருக்காது. எல்லோரும் சிரித்துத்தான் பேசியிருப்பார்கள்.

என் தம்பி செம்பனை ஆலையில் வேலை. மோட்டார் வாங்கக் கடைக்குப் போனான், பெயர் வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி முன்பணம், ஒரு ஜாமீன்காரர் வேண்டும் என்றார்கள். வந்துவிட்டான். அடுத்த வாரம் அதே ஆலையில் அவனோடு ஷிஃப்ட் போடும் மலாய் நண்பர், ஏறக்குறைய அதே சம்பளச் சீட்டு, அதே கடை, அதே மாடல். அவரிடம் ஐந்நூறு, ஜாமீன் பேச்சே இல்லை. நண்பர் சாப்பாட்டு வேளையில் சும்மா சொல்லப்போய்த்தான் விசயமே வெளியில் வந்தது. தம்பி திரும்பப் போய்க் கேட்டான். "உங்கள் கடன் பதிவில் பழைய பாக்கி இருக்கும்" என்றார் விற்பனைக்காரர். தேடிப் பார்த்தால் உண்மையாகவே ஒரு பழைய டெலிபோன் பில் கட்டாமல் இருந்தது! தம்பிக்குத் தலை குனிந்துவிட்டது. நான் தான் கேட்டேன், முதல் நாள் போனபோது ஐசி கொடுத்தாயா என்று. கொடுக்கவில்லை, வாங்கவே இல்லை என்றான். வாங்காத ஐசியில் எந்தப் பாக்கியைப் பார்த்து ஆயிரத்து ஐந்நூறு சொன்னார்கள்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நோட்டு. நடந்தது எந்த வரிசையில் நடந்தது என்று எழுதி வைத்திருந்தால், பிறகு சொல்லப்படும் காரணம் முன்னால் நடந்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

இதே வகையில் சேர்த்துக்கொள்ள வேண்டியவை: கேட்பதற்கு முன்பே "இது மஹால் (விலை அதிகம்), அக்கா" என்று மலிவானதைக் காட்டுவது, உத்தரவாத அட்டையைப் பற்றி வாய் திறக்காமல் விடுவது, உங்களுக்கு "ஸ்டாக் ஹாபிஸ்" (சரக்கு தீர்ந்தது) என்ற சாமான் அரைமணி நேரம் கழித்து வந்தவருக்கு உள்ளே இருந்து வருவது.

எப்படி எழுதுவது? தேதி, நேரம், எந்தக் கவுண்டர், சொன்ன சொல் அப்படியே அவர்கள் மொழியில், அடுத்தவருக்குச் சொன்ன சொல், ரசீது இருந்தால் அதையும் மடித்து உள்ளே. "ரொம்ப மோசமாக நடந்துகொண்டாள்" என்று எழுதாதீர்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரியால் ஒரு பயனும் இருக்காது.

வேறு காரணம் இருக்கிறதா

நான் தோற்ற கதை ஒன்று. ஒரு மருந்துக் கடைப் பெண் என்னிடம் மீதிக் காசை மேசையில் வீசினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் சொன்னபடி ஓரமாக நின்றேன். அடுத்து வந்த மலாய் மக்சிக்குக்கும் வீசினாள், அதற்கடுத்த சீனக் கிழவர் கையில் இருந்து மருந்துச் சீட்டைப் பிடுங்கினாள். உலகத்துக்கே சமமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள் மகராசி. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதனால் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இப்படியா? நேரம் அப்படியா (சம்பள நாள், பெருநாளுக்கு முந்தைய வாரம்)? கடையின் விதியா, விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றா? எதிரில் இருப்பவர் ஏற்கெனவே பழகியவரா? கடைசிக் கேள்வி முக்கியம். இருபது வருசமாக வரும் வாடிக்கைக்காரருக்கு முதலில் கொடுப்பது எல்லாக் கடையிலும் நடக்கும். நாலும் கேட்டபிறகும் மிச்சம் இருந்தால் அது உங்கள் கற்பனை இல்லை. ஒரு முறை நடந்தால் எழுதி வையுங்கள். மூன்று முறை நடந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஜோடியாகப் போய்ச் சோதிப்பது

இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஆய்வாளர்கள் பல வருசமாகச் செய்வது. அமெரிக்காவில் சிகாகோ வட்டாரக் கார் விற்பனையகங்களில் செய்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. பேரம் பேசப் பயிற்சி கொடுத்து, ஒரே மாதிரி உடுத்தி, ஒரே வசனம் பேச வைத்து ஜோடி ஜோடியாக அனுப்பினார்கள், 300 தடவைக்கு மேல். வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் சொன்ன விலை கூடுதலாக இருந்தது. 2017இல் ஏர்பிஎன்பி வாடகை அறைகளைப் பற்றி இன்னொன்று வந்தது. சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு ஒரே செய்தி, பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் பெயர்போல் இருந்த கோரிக்கைகளுக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவு. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவராவது யாரையாவது திட்டியிருப்பாரா? "அன்றைக்கு அறை காலியில்லை", முடிந்தது.

நம் ஊரில் இதைச் செய்யக் கார் வேண்டாம், பயிற்சி வேண்டாம். உங்களுக்கு ஒரு மலாய்த் தோழி, ஒரு சீனத் தோழி இருந்தால் போதும். வாடகை வீட்டு விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் வாட்ஸ்அப் அனுப்புங்கள்: வீடு இன்னும் இருக்கிறதா, எப்போது வந்து பார்க்கலாம், அத்துடன் பெயர். பதில் வந்த நேரம், வந்த பதில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சம்பளம், எத்தனை பேர் குடியிருப்போம் என்பதெல்லாம் மாறக்கூடாது, பெயர் மட்டும்தான் மாற வேண்டும். கடை என்றால் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே சாமான், ஒரே தரத்து உடை. நான் லுங்கியிலும் தோழி ஆபீஸ் உடுப்பிலும் போனால் சோதனை உடைக்குத்தான் நடக்கும். முதலில் போகிறவர் ஒவ்வொரு கடையிலும் மாறட்டும்.

தோழியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அவளிடம் முதல் தடவை சொன்னபோது "அப்படியெல்லாம் இருக்காதுடி" என்றாள். இரண்டாவது வீட்டு விளம்பரத்தில் அவளுக்கு "நாளைக்கே வாங்க" என்றும் எனக்கு "சூடா அடா ஓராங்" (ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது) என்றும் ஐந்து நிமிட இடைவெளியில் பதில் வந்தது. இரண்டு கைபேசியையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

அங்கேயே கேட்பது எப்படி

சண்டைக்குப் போனால் தோற்போம், நம்மைப் பற்றி ஏற்கெனவே இருக்கும் கதை அப்படி. குரலை உயர்த்திய மறுநொடி "இந்தியர்கள் என்றாலே இப்படித்தான்" ஆகிவிடும். அதனால் கேள்வியாகக் கேளுங்கள், மலாயில், மெதுவாக. வரிசை தவறினால் "மாஃப், சாயா சம்பாய் டூலு", மன்னிக்கவும், நான்தான் முதலில் வந்தேன் என்று. கூடுதல் முன்பணம் கேட்டால் "செமுவா ஓராங் கெனா பாயார் இனி கெ?", எல்லோரும் இதைக் கட்ட வேண்டுமா என்று. பதில் "ஆமாம்" என்றால் "போலே தூலிஸ்கான்?" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விலையை, முன்பணத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னதும் தொகை இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மச்சா என்று கூப்பிடும் பையனுக்கு மட்டும் என்னிடம் நல்ல மருந்து இல்லை. "பங்கில் பாக்சிக் லா, டெக்" (மாமா என்று கூப்பிடு, தம்பி) என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் இன்னும் சொல்லவில்லை.

புகார் கொடுப்பது

இங்கே ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவத்தைப் பேசுகிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், தனியார் கடையை நேராகக் கட்டுப்படுத்தாது. ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் இந்த வழியில்தான் தீர்ப்பளித்தது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்தை ஏற்கப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்ததும் நினைவிருக்கும். ஆகவே "என்னை இந்தியர் என்று பார்த்து அலட்சியம் செய்தார்கள்" என்று ஒரு மினி மார்க்கெட் மேல் நேராக வழக்குப் போட வழி ஏறக்குறைய இல்லை. இருக்கிற கதவுகளைத் தட்ட வேண்டும்.

அரசாங்கக் கிளினிக், மாவட்ட அலுவலகம் என்றால் சுவரில் பியாகாம் பெலாங்கான் மாட்டியிருப்பார்கள், எத்தனை நிமிடத்துக்குள் கவனிப்போம் என்று அவர்களே கொடுத்த வாக்கு. அதைப் படம் எடுத்து, உங்களுக்கு ஆன நேரத்தையும் எழுதி, அந்தந்த அமைச்சின் சிஸ்பா பொதுப் புகார் முறையில் இணையம் வழி போடுங்கள். எண் கிடைக்கும், பதில் வரும்வரை பின்தொடரலாம். விலைச் சீட்டு இல்லை, ஆளுக்கு ஒரு விலை என்றால் கேபிடிஎன், அதாவது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. கொடுத்த காசுக்குச் சாமானோ சேவையோ சரியாக வரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், 50,000 ரிங்கிட்வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை. பட்ட அவமானத்துக்கு அங்கே விலை இல்லை, போன காசுக்குத்தான். பெரிய நிறுவனத்தின் கிளை என்றால் கிளை மேலாளரோடு நிறுத்தாமல் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

எழுதும்போது முதல் வரியிலேயே "இனவெறி" என்று போடாதீர்கள். நோட்டில் உள்ளதைப் போடுங்கள்: இந்தத் தேதி, எனக்கு இவ்வளவு, அதே சாமானுக்கு இன்னொருவருக்கு இவ்வளவு, வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? படிப்பவர் தானாகவே அந்தச் சொல்லுக்கு வந்து சேரட்டும்.

முகநூலில் போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கடைப் பெயரும் ஊழியர் முகமும் போட்டு வீடியோ ஏற்றினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரலாம், இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளுக்கு எதிரான தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய காரணம், கீழே வந்து சேரும் கருத்துகள். அரைநாளில் உங்கள் முன்பணக் கதை காணாமல் போய், மூன்று இனமும் ஒருவரை ஒருவர் திட்டும் இடமாகிவிடும். நான் போடுவதில்லை.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நோட்டு எழுதப் பழகிய கை சும்மா இருக்குமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடையில் என்னையே எழுதினேன். நம் ஆட்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், அப்புறம் செம்பனையில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள், நேபாளத்துப் பையன்கள். நம் அக்காமார் வந்தால் காய்கறியைத் தராசில் வைத்து, பையில் போட்டு, கணக்குச் சொல்லிவிட்டுக் காசு வாங்குகிறேன். அந்தப் பையன்கள் வந்தால் முதலில் என் வாயிலிருந்து வருவது "டுயிட் அடா?", காசு இருக்கிறதா என்று. அன்றைக்கு மட்டும் ஆறு பேரிடம் கேட்டிருந்தேன். ஒருவர்கூட என்னை ஏமாற்றியதில்லை. கடனைக் கட்டாமல் இழுத்தடிக்கும் இரண்டு பேரும் நம் கோயில் தெருக்காரர்கள், அவர்களிடம் நான் கேட்பதே இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன்களில் ஒருவன் வந்தான். உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய். ஒன்றும் கேட்காமல் தராசில் வைத்தேன். அவன் பழக்கத்தில் பத்து வெள்ளி நோட்டை முன்கூட்டியே விரித்து, நான் பார்க்கும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.